தொட்டிக் கொலைக்குப் பவள விழா

அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று வீடு தேடி வந்த லோகுவைத் துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தியவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. துடைப்பம் பழசு, அது ஒன்றுதான் குறை.

லோகு எங்கள் வெள்ளேரிக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து முதல் கருமாதி வரை யார் முகத்தையும் பத்தடிக்குப் பெரிதாக்கி ரோட்டில் நிறுத்துவது அவன் தொழில். கெட்டவன் இல்லை, ஆர்வக்கோளாறு. அது டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து அம்மாவின் தட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்று பல்லைக் காட்டினான்.

"ஆயா, பிப்ரவரி எட்டாந்தேதி சாயங்காலம் எங்கயும் போயிடாத. தொட்டிக் கொலைக்கு எழுபத்தஞ்சு வருஷம் ஆவுது. பவள விழா எடுக்கறோம். உன்னை மேடையில குந்தவெச்சு பொன்னாடை போத்தப்போறோம்."

"எனக்கு இன்னாத்துக்குப்பா பொன்னாடை?" என்று அம்மா வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"கொலையாளியோட ஒரே பொண்ணு நீதானே ஆயா. உன்னை வுட்டா வேற யாரு உயிரோட கீறாங்க?"

அப்புறம்தான் துடைப்பம்.

வெளியூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். மணவாள நகருக்கும் கடம்பத்தூருக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லுக்காரர் துளசிங்கம் 1951 பிப்ரவரி ஆறாம் தேதி இரவு காணாமல் போனார். மூன்று நாள் தேடினார்கள். நான்காம் நாள், நெல் ஊறப்போடுகிற பெரிய சிமெண்டுத் தொட்டியின் அடியில் கிடைத்தார். அந்த மூன்று நாளும் அதே தொட்டி நெல்லை மேலாக அள்ளி அவித்து, அரைத்து, ஊரே பொங்கித் தின்றிருக்கிறது. பிறகென்ன, மெட்ராஸ் பேப்பர்களெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டன. ரயிலில் கொலைச் சிந்துப் பாட்டுப் புத்தகம் காலணாவுக்கு விற்றதாம். தொட்டியைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்களாம்.

மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்த எசேக்கியேலைப் பிடித்தார்கள். கிறிஸ்துமசுக்கு லீவு தராததற்காக மில்லுக்காரரோடு எல்லார் எதிரிலும் வாய்ச்சண்டை போட்டவர் அவர். கோயில் பூஜை பார்த்த நரசிம்மாச்சாரி, எசேக்கியேல் ஈரத் துணியோடு மில்லின் பின்கதவு வழியாக ஓடியதைத் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து லாந்தர் வெளிச்சத்தில் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். அந்த ஒரு சாட்சியை வைத்து மறு வருஷம் எசேக்கியேலைத் தூக்கில் போட்டார்கள். எசேக்கியேல் என் தாத்தா. அப்போது அம்மாவுக்கு மூன்று வயசு. ஞானம்மா என்று அழகான பெயர் வைத்திருந்தும், ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் தொட்டிக்காரன் மகள்தான்.

போன வருஷம் யாரோ ஒரு யூடியூப்காரன் வந்து மில் இருந்த இடத்தில் நின்றுகொண்டு நடுங்கிய குரலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போனான். எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. திருவள்ளூருக்குப் பெருமாள் இருக்கிறார், பூண்டிக்கு ஏரி இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று ஏங்கிக்கொண்டிருந்த ஊர், ஒரு கொலை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. உடனே விழாக் குழு, ரசீதுப் புத்தகம், வாட்ஸப் குரூப். குரூப்புக்கு முகப்புப் படம் தொட்டி.

குழுத் தலைவர் பாஷ்யம். நரசிம்மாச்சாரியின் மகன். அவருக்கும் கொலைக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஊர்ப் பெருமாள் கோயிலில் பூஜை அவருடையது, ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொல்வதும் அவர்தான். எங்கள் பாஸ்டர் வீட்டுக் கிரயப் பத்திரத்துக்குக்கூட ராகுகாலம் தள்ளிக் கொடுத்தது அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. பாஸ்டரைக் கேட்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

துடைப்பத்துக்கு மறுவாரம் லோகு மறுபடி வந்தான். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"அக்கா, பொன்னாடைய கேன்சல் பண்ணிட்டோம். ஆனா கல்லு வெக்கறோம். சொல்லலன்னு அப்பால திட்டாதீங்க."

"இன்னா கல்லுடா?"

செல்லில் காட்டினான். கறுப்பு கிரானைட். 'இவ்விடத்தில் 6.2.1951 இரவு திரு. துளசிங்கம் அவர்கள் எசேக்கியேல் என்பவனால் கொலை செய்யப்பட்டார்.' மில் இருந்த முனையில், நான் தினமும் கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற இடத்தில் நடப்போகிறார்கள். செத்தவர் 'திரு'வாம், 'அவர்கள்'ஆம். என் தாத்தா 'என்பவன்'.

பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "கல்லுலயா எழுதறாங்க?"

"நீ உள்ள போம்மா."

"வாயால சொன்னா சொல்றவன் செத்தா போயிடும்னு இருந்தேன். கல்லுன்னா நான் செத்தப்புறமும் இருக்குமேடி."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பால் வாங்க அந்த முனைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். பெயர் கல்லில் ஏறக் கூடாது, எப்பாடு பட்டாவது அதைத் தடுத்தாக வேண்டும் என்று நேரே பாஷ்யம் வீட்டுக்குப் போனேன்.

அங்கே குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் என்றால் சண்டை. லோகு ஃபிளெக்ஸில் பிப்ரவரி ஆறு, ஏழு, எட்டு என்று போட்டுவிட்டான். பாஷ்யம் ஒப்பவில்லை.

"செத்தவாளுக்குத் திதிதான்டா கணக்கு. தேதி வெள்ளைக்காரன் வெச்சது."

"சார், இது திவசமா விழாவா?" என்றார் கோபால். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், குழுவில் அவர் ஒருத்தருக்குத்தான் நிதானம் உண்டு.

"எதுவா இருந்தாலும் திதிதான்" என்று பாஷ்யம் பரணிலிருந்து அவர் அப்பா காலத்துப் பஞ்சாங்கத்தை இறக்கினார். விக்ருதி வருஷம், தை மாசம் என்று விரலை ஓட்டிக்கொண்டே போனவர் துள்ளினார். "அடடா! செவ்வாய்க்கிழமை, சாட்சாத் தை அமாவாசை ஓய்! எழுபத்தஞ்சு வருஷமா யாருக்கும் தெரியலை பாரும்!" ஏதோ அவரே அமாவாசையை வரவழைத்த மாதிரி அவ்வளவு பூரிப்பு.

இந்த வருஷம் தை அமாவாசை ஜனவரி பதினெட்டு. கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: திதியன்று தொட்டியருகே இரண்டு நிமிஷ மௌனம், தேதியன்று முதல் மூன்று நாள் விழா. ஒரு கொலைக்கு இரண்டு ஆண்டு நாள் கொண்டாடிய ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

சண்டை அடங்கியதும் நான் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். பாஷ்யத்தின் மனைவி கமலவல்லி மாமி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு டபரா செட், எனக்குப் பேப்பர் கப். அந்த வீட்டில் பேப்பர் கப் இருப்பதே எங்களைப் போன்றவர்கள் போனால்தான் தெரியவரும். நான் குடிக்கவில்லை.

"இது சரித்திரம்மா, ஏஞ்சலின். கோர்ட்டே தீர்ப்பு எழுதியாச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பாஷ்யம். "எங்கப்பா மட்டும் தைரியமா கூண்டேறலேன்னா கொலைகாரன் தப்பிச்சிருப்பான். அவர் பேரும் கல்லுல போடச் சொல்லி லோகு கெஞ்சினான். நான்தான் வேண்டாம்னேன்."

"பெரிய மனசு" என்றேன்.

அவருக்கு அது உறைக்கவில்லை. விழாவின் கடைசி நாள் மேடையில் பழைய வழக்கை அப்படியே நடித்துக் காட்டப்போகிறார்கள் என்றும், அது முடிந்த கையோடு கல் திறப்பு என்றும் விவரித்தார். கோபால் சார் ஜட்ஜ். பாஷ்யமே தன் அப்பா வேஷம். எதிரி, அதாவது எசேக்கியேல் வேஷத்துக்கும் எதிரித் தரப்பு வக்கீல் வேஷத்துக்கும் மட்டும் ஆள் கிடைக்கவில்லையாம். எவன் வருவான்?

"வக்கீலா நான் வரேன்" என்றேன். "கேஸ்ல நான் ஜெயிச்சா கல்லுல எங்க தாத்தா பேரு இருக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். லோகு நெளிந்தான். "அக்கா, ஸ்கிரிப்ட்ல கடைசிப் பக்கமே தூக்குதான்கா. பிரிண்ட் எடுத்தாச்சு."

"பிரிண்ட் இருந்துட்டுப் போவட்டும். ஜெயிச்சா?"

"நீ ஜெயிச்சா நானே உளியை எடுத்துத் தர்றேன், போதுமா?" என்றார் பாஷ்யம், குழந்தைக்கு மிட்டாய் தருகிறவர் குரலில். கோபால் சார் மட்டும் சிரிக்காமல் தீர்ப்பு நகலை என் கையில் கொடுத்தார். நாற்பது பக்கம்.

ஜனவரி பதினெட்டில் மௌனம் நடந்தது. மில் இப்போது கல்யாண மண்டபம், தொட்டியில் செவ்வந்திச் செடி. இரண்டு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் லோகு மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்றுகொண்டிருந்தான். பாக்கி அரை நிமிஷத்தில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

நான் தீர்ப்பைக் கம்பெனி பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரமும் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருபது வருஷமாக எனக்குத் தர சோதனை வேலை. எந்தத் தப்பும் எங்கள் டேபிளுக்குத்தான் வரும். ஒன்று சொல்கிறேன்: தப்பு நடந்த நிமிஷத்தைப் பற்றி ஆபரேட்டரிடம் கேட்டால் பதிலை உருப்போட்டு வைத்திருப்பான். அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். அதை யாரும் உருப்போட்டு வைத்திருப்பதில்லை. அங்கேதான் உளறுவான். 1951இல் எங்கள் தாத்தாவுக்காகக் கோர்ட் வைத்துக் கொடுத்த வக்கீல் இரண்டே கேள்வி கேட்டிருந்தார். லாந்தர் எரிந்ததா? எரிந்தது. எதிரியை முன்பே தெரியுமா? தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அந்த முந்தின அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு மண்ணும் அகப்படவில்லை. 'வழக்கம்போல் இரவு ரசஞ்சாதம் சாப்பிட்டு, கை அலம்பக் கொல்லைக்கு வந்தேன்' என்று சாட்சி சொல்லியிருந்தார். சாப்பிட்டார், கை கழுவினார். நாம் எல்லாரும் செய்வதுதானே? நாற்பது தடவை படித்துவிட்டு நாற்பது தடவையும் அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

விழா வந்தது. நுழைவாயிலில் துளசிங்கத்தின் பழைய போட்டோ சிரித்தது. அதைச் சுற்றிக் கூலிங் கிளாஸ் போட்ட குழு உறுப்பினர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். 'கொலையின் பவள விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்' என்று லோகு போட்டிருந்தான். கோலப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கோலத்தில் தொட்டி இருந்தது, தொட்டியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. மகளிர் குழு புதிதாகக் கட்டிய கொலைச் சிந்துக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. 'அந்நாள் அரிசிக் கஞ்சி' என்று ஒரு ஸ்டால் போட்டார்கள். அதில் மட்டும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மண்டபத்து மைதானத்தில் கோர்ட். எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேடையின் ஓரத்தில் கல், மேலே பட்டுத் துணி. நடுவில் கோபால் சார், கல்யாணத்தில் மகன் போட்ட கோட்டில். இடது பக்கம் சாட்சிக் கூண்டு. வலது பக்கம் எதிரிக் கூண்டு. போலீஸ் தடுப்புக் கம்பியை வளைத்துக் கட்டி, 'எசேக்கியேல்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. சம்பளம் தருகிறோம் என்று சொல்லியும் நிற்க ஆள் வரவில்லையாம்.

மேடையேறித் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு, அம்மா. வரமாட்டேன் என்று காலையில் சத்தியம் பண்ணியவள்.

பாஷ்யம் தன் அப்பாவின் பழைய பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு கூண்டேறினார். வாக்குமூலத்தைக் காகிதம் பார்க்காமல் கணீரென்று சொன்னார். ஈரத் துணி, லாந்தர், பின்கதவு எல்லாம் வந்தது. கூட்டம் விசிலடித்தது. கோபால் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வேறு எந்த ஆயுதமும் இல்லாததால் கம்பெனிக் கேள்வியையே போட்டேன்.

"சாட்சி, எசேக்கியேலைப் பார்த்தது அப்பால. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சாப்பிட்டுண்டிருந்தேன்."

"எங்க?"

"ஆத்துலதான். வேறெங்கே?"

"இன்னா சாப்டீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஒரு பிரியாணி!" என்று எவனோ கத்தினான். பாஷ்யத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வாக்குமூலத்துலயே இருக்கேம்மா. வழக்கம்போல் இரவு ரசஞ்சாதம்."

"ஏன்னா!"

மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது குரல். கமலவல்லி மாமி எழுந்து நின்றிருந்தார், கையில் விசிறி. "அன்னிக்கு அமாவாசைன்னேளே?"

"கமலா, உக்காரு. கோர்ட் நடந்துண்டிருக்கு."

"கோர்ட்டாவது கீர்ட்டாவது. அமாவாசையன்னிக்கு உங்கப்பா ராத்திரி எப்படி சாதம் சாப்பிட்டார்?"

மைதானத்தில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மாமியே உடைத்துச் சொன்னார், என்னைப் பார்த்து.

"அப்பா இல்லாதவா அமாவாசைக்குத் தர்ப்பணம் பண்ணுவாம்மா. பண்ணினா அன்னிக்கு ராத்திரி சாதத்தைத் தொடக் கூடாது. பலகாரம்தான். நான் இந்த ஆத்துக்கு வந்து மாமனார் போற வரைக்கும் பதினெட்டு வருஷம், மாசா மாசம் அந்த மனுஷனுக்கு ரவா உப்புமா கிளறினவ நான். ஒரு தடவை மறந்துபோய் சாதம் வடிச்சுட்டேன், மூணு நாள் என்னோட முகம் கொடுத்துப் பேசலை. அவரா வழக்கம்போல் ரசஞ்சாதம் சாப்பிட்டார்? ஏன்னா, உங்க தாத்தா எந்த வருஷம் போனார்?"

"நாப்பத்தாறு" என்றது பாஷ்யத்தின் வாய், அவரைக் கேட்காமலே.

"அப்போ அம்பத்தொண்ணுல தர்ப்பணம் உண்டா இல்லையா?"

எனக்கு அப்போதுதான் தலையில் விளக்கு எரிந்தது. சாட்சி சொன்னது எட்டு மாசம் கழித்து, கோர்ட்டில், இங்கிலீஷ் தேதி வைத்து. உருப்போடச் சொல்லிக் கொடுத்தவன் எவனோ, அவனுக்கு ராத்திரி என்றால் ரசஞ்சாதம். அது என்ன நாள் என்று ஒருத்தரும் திதி பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் கேள்வி கேட்கிற இடத்தில் இல்லை. கேட்க வேண்டிய எங்கள் ஜனத்துக்கு இந்த உப்புமாக் கணக்கு தெரியாது.

"மாமி, ஒரு உப்புமாவுக்காக ஒரு கேஸையே கவுக்கறீங்களே!" என்று லோகு மைக்கில் சிணுங்கினான்.

"சும்மாருடா" என்றேன். கூண்டருகே போனேன். "சார், நான் ஒண்ணுதான் கேக்கறேன். பஞ்சாங்கம் தப்பா, சாட்சி தப்பா?"

அந்த மைதானத்தில் இருந்த பாதித் தாலிக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் அவர். பஞ்சாங்கம் தப்பாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி அப்பாவின் அங்கவஸ்திரத்தால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"கணக்கு தப்பாது" என்றார் கடைசியில். அப்புறம் எனக்கு மட்டும் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் பேசினார். ஆனால் மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில்ல கூட்டம் தாங்காது. மடப்பள்ளி வேலைக்கு அப்பா முதல் நாளே போயிடுவார். மறுநாள்தான் திரும்புவார். நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு தை அமாவாசைக்குக்கூட அவர் ராத்திரி ஆத்துல…"

நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது. தன் அப்பாவைப் பற்றிய ஒரே பெருமையை, தானே பரணிலிருந்து இறக்கிய பஞ்சாங்கத்தால் இழந்துகொண்டிருந்த மனுஷன்.

கோபால் சார் ஸ்கிரிப்டைக் கீழே வைத்தார். "சாட்சி நரசிம்மாச்சாரி, நீர் எசேக்கியேலைப் பார்த்தீரா?"

"பார்த்தேன்னு சொல்லுங்க சார்" என்று லோகு ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

பாஷ்யம் நிமிர்ந்தார். "பார்க்கலை" என்றார். "நான் பார்க்கலை. நான் அன்னிக்கு அங்கே இல்லவே இல்லை."

"அப்போ கொன்னது யாரு சார்?" என்று லோகு மைக்கில் கேட்டான். அது யாருக்கும் தெரியாது.

கோபால் சார் கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "விடுதலை" என்றார். கைதட்டல் எங்கிருந்தோ தொடங்கி மைதானம் முழுக்கப் பரவியது. பாஷ்யம் கூண்டைவிட்டு இறங்கினார். "லோகு, அந்தத் துணியை எடுக்காதே. கல்லை அப்படியே தூக்கிண்டு போ. நாளைக்கு உளியோட நான் வரேன்" என்று சொல்லிவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அதனால் அம்மா மேடையேறி வந்ததைக் கவனிக்கவில்லை. நேரே கோபால் சார் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், கைதட்டுனதுல சரியா கேக்கல. எங்க நைனா பேரைச் சொல்லி இன்னொரு தபா சொல்லு."

கோபால் சார் எழுந்து நின்றார். ஜட்ஜ் எழுந்திருக்கிற வழக்கம் இல்லை, ஆனாலும் நின்றார்.

"எசேக்கியேல், இந்தக் கொலையை நீங்க பண்ணல. உங்களை விடுதலை பண்றேன். நீங்க போகலாம்."

அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். "அன்னிக்குப் பொணத்தைக்கூடத் தரல சார். ஜெயில்லயே பொதைச்சுட்டாங்க. எங்கம்மா வாசல்லயே நின்னுட்டு வந்துச்சாம்" என்று அவரிடம் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு எதிரிக் கூண்டுக்குப் போய், கட்டியிருந்த கயிற்றை நிதானமாக அவிழ்த்துத் தடுப்பைத் தள்ளித் திறந்தாள்.

"அதான் சொல்லிட்டாங்களே நைனா" என்றாள் காலியிடத்தைப் பார்த்து. "வா, ஊட்டுக்குப் போலாம்."

ஒரு கையைப் பக்கவாட்டில் லேசாக நீட்டிக்கொண்டு, நெரிசலில் யாரையோ இடிபடாமல் அழைத்துப் போகிறவள் போல, அம்மா மேடையிலிருந்து இறங்கினாள். கூட்டம் இரண்டு பேர் போகிற அகலத்துக்கு விலகி வழிவிட்டது. நான் அவள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.